இரும்பின் பூர்வ வாசனை

ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறைகளை அரித்துக்கொண்டு, பசுமை கலந்த வெண்ணிறத்தோடு இறங்கி வரும் இசார் நதி, மியூனிக் நகரத்தின் நடுவே இரு கிளைகளாகப் பிரிந்து மறுபடியும் ஒன்று சேருமிடத்தில், ஒரு தீவின் பெரும்பகுதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நிற்கிறது டாய்ச்சஸ் மியூசியம் என்னும் விஞ்ஞானக் காட்சிசாலை. ஐரோப்பாவில் பிரயாணம் செய்கிறவர்கள் சித்திரங்களையும் சிற்பங்களையும் அரண்மனைகளையும் காண்பதற்காக அலைவது இயல்பே, நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் மியூனிக்குக்கு நான் சென்ற நோக்கம் வேறு. இன்று உலகெங்கும் மின்சாரம் பிறக்கும் முறைக்கு மூலமாகிய ஒரு தத்துவத்தை உலகறிய நிலைநாட்டிய யந்திரத்தை அதன் சொந்த இரும்பிலும் சொந்தச் செம்பிலும் காண வேண்டும் என்பதும், அங்கிருந்து தெற்கே, மலையடிவாரத்திலுள்ள வால்ஹென் ஏரி மின்நிலையத்துக்குச் சென்று, அதே தத்துவம் வளர்ந்து எடுத்திருக்கும் பேருருவத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பதுமே நெடுநாளாக என் மனத்தில் இருந்த ஆசை.

இந்த இரண்டு இடங்களுக்கும் பொதுவான மனிதர் ஒருவர் உண்டு. ஆஸ்கார் ஃபான் மில்லர் 1855-ல் மியூனிக்கிலேயே பிறந்தவர். அந்நகரத்தின் புகழ்பெற்ற பவேரியா வெண்கலச் சிலையை வார்த்த ஃபெர்டினாண்ட் மில்லரின் மகன். மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டு செல்ல முடியுமா என்று கற்றறிந்தவர்களே ஐயுற்றிருந்த 1882-ல், மீஸ்பாஹ் என்ற ஊரிலிருந்து மியூனிக்கின் கண்காட்சி மண்டபத்துக்கு, 57 கிலோமீட்டர் தூரம், பிரெஞ்சுப் பொறியாளர் மார்செல் டெப்ரேயின் துணையோடு, தந்திக் கம்பி வழியாகவே மின்சக்தியைக் கொணர்ந்து, அதைக் கொண்டு ஒரு சிறு செயற்கை அருவியை ஓடவிட்டுக் காட்டியவர் அவர். 1891-ல் லௌஃபனிலிருந்து பிராங்க்ஃபர்ட் வரை 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரத்தைச் செலுத்திய பெருமுயற்சியிலும் அவருக்கே தலைமை இடம். காட்சிசாலையை 1903-ல் ஸ்தாபித்தவரும், வால்ஹென் ஏரித் திட்டத்துக்காகப் பல்லாண்டு வாதாடி 1924-ல் அதை நிறைவேறக் கண்டவரும் அவரே. மறு ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி, தம் எழுபதாவது பிறந்த நாளன்று, தீவிலுள்ள கட்டடம் திறக்கப்படும் பேற்றையும் பெற்றார்.

காட்சிசாலையில் சுரங்கத்தை அப்படியே அமைத்துக் காட்டும் பகுதியிலும் ஆகாய விமானங்களின் கூடத்திலும் கூட்டம் நெரிந்தது. நான் தேடி வந்த யந்திரத்தின் எதிரே நெடுநேரம் ஒருவரும் நிற்கவில்லை. அது பார்வைக்கு ஒன்றும் பெரியதன்று. பட்டையாகக் கம்பி சுற்றிப் படுக்கவைத்த மின்காந்தங்கள். அவற்றின் முனைகளுக்கு நடுவே, காற்று நுழையும் அளவு இடைவெளி மட்டும் விட்டு, ஓர் இரும்பு உருளை. அந்த உருளையின் இரு புறங்களிலும் நீளவாட்டில் ஆழமாகப் பள்ளம் வெட்டி, அப்பள்ளத்தில் கம்பியைச் சுற்றியிருக்கிறார்கள். குறுக்கே அறுத்துப் பார்த்தால் இரண்டு 'டி' எழுத்துகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டினாற்போல் இருக்கும் என்பதால் இரட்டை-டி ஆர்மேச்சர் என்று அதற்குப் பெயர். வெர்னர் ஸீமென்ஸ் அந்த ஆர்மேச்சரை அமைத்தது 1856-ல். இந்த யந்திரத்தை அமைத்தது 1866-ன் இறுதியில். இதில் நிரந்தரக் காந்தம் என்று ஒன்று கிடையாது, தேடினால் அகப்படாது. அந்த இன்மையே இதன் பெருமை.

1831-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் பாரடே, காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே அசைவு இருக்கும் வரையில் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது என்பதைக் கண்டு சொன்னார். அடுத்த ஆண்டே பாரிஸில் ஹிப்போலித் பிக்ஸி, கைப்பிடியால் காந்தத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் யந்திரம் ஒன்றைச் செய்தார். பின்னர் இங்கிலாந்தில் ஹோம்ஸ் என்பவர் நீராவி யந்திரத்தால் சுழலும் பெரிய யந்திரங்களை அமைக்க, 1858-ல் சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில் அவற்றின் ஒளி கடலின் மீது வீசியதை, கலங்கரை விளக்கங்களுக்கு விஞ்ஞான ஆலோசகராக இருந்த முதியவர் பாரடேயே கண்டார். இவ்வளவும் நடந்தும் ஒரு தடை நீங்கவில்லை. எஃகுக் காந்தத்தின் பலம் ஓர் அளவுக்கு மேல் போகாது. பலம் கூட வேண்டுமானால் காந்தங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதிர்விலும் காலத்திலும் அவை வலுவிழந்தும் போகும். கம்பி சுற்றிய மென்மையான இரும்போ எஃகைவிடப் பன்மடங்கு பலமான காந்தமாகும். ஆனால் அதற்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். மின்சாரத்தைப் பிறப்பிக்கவே மின்சாரம் வேண்டும் என்ற இந்தச் சங்கடத்தை மான்செஸ்டர் நகரத்து ஹென்றி வைல்டு, சிறிய நிரந்தரக் காந்த யந்திரம் ஒன்றின் மின்சாரத்தைப் பெரிய யந்திரத்தின் மின்காந்தங்களுக்கு ஊட்டி, பாதி தூரம் கடந்தார். 1866-ல் அவருடைய கட்டுரையை ராயல் சொஸைட்டிக்கு அனுப்பிவைத்தவர் பாரடே. அந்தச் சிறிய யந்திரமும் வேண்டாம் என்று சொல்லத் துணிவதே மிச்சம் இருந்தது.

அத்துணிவுக்கு ஆதாரம் இரும்பின் ஒரு குணம். மெல்லிரும்பில் மின்சாரம் பாயும்போது காந்தம் உண்டாகி, நிறுத்தியவுடன் அது மறைந்துவிடுகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். முழுவதும் மறைவதில்லை என்பதே உண்மை. இரும்பினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத சிறு சிறு பிரதேசங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதேசமும் தன்னளவில் ஒரு காந்தம். 1907-ல் பிரெஞ்சு பௌதிக விஞ்ஞானி பியர் வைஸ் இக்கொள்கையை வகுத்தார். சாதாரண நிலையில் அவை ஒன்றன் திசையை ஒன்று மறுத்துக்கொண்டு கிடப்பதால் வெளியே காந்தம் தெரியாது. சுற்றியுள்ள கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் எல்லாம் ஒரு திசை நோக்கி அணிவகுக்கின்றன. மின்சாரம் நின்றதும் பெரும்பாலானவை பழைய ஒழுங்கின்மைக்குத் திரும்பிவிட, சில மட்டும் திரும்பாமல், அணிவகுத்த திசையிலேயே நின்றுவிடுகின்றன. இந்தத் தயக்கத்தை அளந்து, அதற்கு விஞ்ஞான மொழியில் ஒரு பெயரையும் அளித்தவர், 1880-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஆல்ஃப்ரட் யூவிங். எஞ்சிய காந்தம் என்று நம் மின்னியல் நூல்கள் சொல்வது, இப்படி நின்றுவிட்ட பிரதேசங்கள் தரும் காந்தத்தைத்தான். முன்பு எப்போதோ பாய்ந்து மறைந்துபோன மின்சாரத்தின் பூர்வ வாசனை என்று சொன்னால், நம்மவர்களுக்கு இதைவிடத் தெளிவாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

இனி ஆர்மேச்சரைச் சுழற்றுவோம். எஞ்சிய காந்தம் முழுக் காந்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே இருக்கலாம். ஆகவே 100 வோல்ட் தர வேண்டிய டைனமோ, தொடக்கத்தில் இரண்டு மூன்று வோல்ட்டே தருகிறது. அந்த அற்பமான மின்சாரத்தை வெளியே வீணாக்காமல், அதே யந்திரத்தின் மின்காந்தச் சுருளுக்குள் திருப்பி விட்டால், காந்தம் சற்றே வலுக்கிறது; வலுத்த காந்தம் கூடுதல் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது; அது மறுபடியும் காந்தத்தை வலுப்படுத்துகிறது. நேற்றைய தயிரில் ஒரு துளி பாத்திரத்தில் ஒட்டியிருந்தால் போதும், இன்றைய பால் முழுவதையும் அது உறையவைத்துவிடும் அல்லவா? அவ்வாறே, இரும்பில் ஒட்டியிருந்த துளிக் காந்தம் சில விநாடிகளில் யந்திரத்தை முழு வீரியத்துக்கு உயர்த்திவிடுகிறது. இந்த வளர்ச்சி எல்லையின்றிப் போகாது. இரும்பின் பிரதேசங்கள் அனைத்தும் அணிவகுத்து முடிந்த பிறகு எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் காந்தம் மேலும் வலுப்பதில்லை. அந்தப் பூரிதநிலையே டைனமோவுக்கு நிலையான ஓர் அழுத்தத்தைத் தருகிறது. இரும்பின் குறை என்று முதலில் தோன்றும் இரண்டு குணங்களில் ஒன்று யந்திரத்தைத் தொடங்கிவைக்கவும் மற்றொன்று அதை அடக்கிவைக்கவும் உதவுவதை எண்ணி எண்ணி நான் வியந்ததுண்டு.

இந்தச் சக்தியெல்லாம் ஒன்றுமில்லாததிலிருந்து வந்துவிட்டதோ என்று ஐயுறுவோருக்கு, அக்கூடத்தில் கையால் சுற்றிப் பார்ப்பதற்கு வைத்திருந்த ஒரு ஜெனரேட்டரே விடை சொல்லிற்று. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கைப்பிடியைப் பிடித்து வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்; விளக்கு இணைக்கப்படாத வரையில் அது தண்ணீர் இல்லாத கிணற்று ராட்டினம் போல இலேசாக ஓடிற்று. அவன் தகப்பனார் விசையைத் தட்டி விளக்கை இணைத்ததும், பையனின் தோள் முன்னே சாய்ந்தது, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான், முகம் சிவந்தது. விளக்கின் இழை சிவந்து, மஞ்சளாகி, வெண்மையாகும்வரை அவன் விடவில்லை. ஒளியின் விலையைத் தோளினால் அறிந்துகொண்ட அந்தக் குழந்தைக்கு, சக்தியின் அழியாமையைப் பற்றிப் பின்னால் எந்த ஆசிரியரும் அதிகம் சொல்ல வேண்டியிராது.

இந்தக் கண்டுபிடிப்பின் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. மின்மோட்டாரை அது ஓட வேண்டிய திசைக்கு எதிராகச் சுழற்றினால் அதில் ஓடும் மின்சாரம் குறைவதற்குப் பதிலாகப் பெருக வேண்டும் என்று சிந்தித்து இந்த முடிவுக்கு வந்த ஸீமென்ஸ், 1866 டிசம்பர் 4 அன்று லண்டனிலிருந்த தம் சகோதரர் வில்ஹெல்முக்குச் செய்தியை எழுதினார். பெர்லின் விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய கட்டுரையை குஸ்டாவ் மாக்னுஸ் 1867 ஜனவரி 17 அன்று வாசித்தார். பிப்ரவரி 14 அன்று, லண்டன் ராயல் சொஸைட்டியின் ஒரே கூட்டத்தில், ஸீமென்ஸ் சகோதரர்களின் கட்டுரையும், அதே தத்துவத்தைத் தனியே கண்டிருந்த சார்லஸ் வீட்ஸ்டனின் கட்டுரையும் வாசிக்கப்பட்டன. ஆல்ஃப்ரட் வார்லி என்ற ஆங்கிலேயர் 1866 டிசம்பர் 24 அன்றே காப்புரிமைக்கு மனுச் செய்திருந்தார். இவர்கள் எல்லோருக்கும் முன்னதாக, ஹங்கேரியில், பெஸ்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் போதித்துவந்த ஆன்யோஷ் யெட்லிக் என்ற பெனடிக்ட் சபைத் துறவி, 1861-ல், தாம் அமைத்த யந்திரத்தில் பிறக்கும் மின்சாரத்தை அதன் காந்தச் சுருளுக்கே செலுத்தும்படி குறிப்பு எழுதி, பல்கலைக்கழகத்துக் கருவிகளின் பதிவேட்டில் சேர்த்துவிட்டு, அதை உலகுக்கு அறிவிக்காமலே இருந்துவிட்டார். அவர் 1895 வரை வாழ்ந்தார். ஐரோப்பாவின் நகரங்களில் மின்விளக்குகள் எரிவதைத் தம் கண்ணாலேயே கண்டிருப்பார். அவரிடம் எனக்குள்ள மதிப்பு மிகப் பெரிது. ஆயினும், உழைக்கும் சக்தி கிடைக்கும் இடங்களிலெல்லாம் அளவற்ற மின்சாரத்தை மலிவாகப் பிறப்பிக்கும் சாதனம் இதனால் மனிதன் கைக்கு வந்துவிட்டது என்று, அந்த முதற்கட்டுரையிலேயே தெளிவாகக் கண்டு சொன்ன ஸீமென்ஸின் தீர்க்கதரிசனத்துக்கே முதல் மரியாதை உரியது என்பது என் துணிபு.

அந்த முதல் யந்திரம் உடனே ஊரையெல்லாம் ஒளிமயமாக்கிவிடவில்லை. ஆர்மேச்சரின் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டங்கள் எழுந்து அதைச் சூடேற்றின. நெடுநேரம் ஓட்ட முடியவில்லை. 1871-ல் கிராம் என்பவரின் வளைய ஆர்மேச்சரும், மறு ஆண்டு ஸீமென்ஸின் தொழிற்சாலையிலேயே ஹெஃப்னர்-ஆல்டெனெக் அமைத்த உருளை ஆர்மேச்சரும் வந்த பிறகே டைனமோ தொழிலுக்கு உதவும் யந்திரமாயிற்று.

மியூனிக்கிலிருந்து, வால்ஹென் ஏரி மின்நிலையத்துக்கு அருகிலுள்ள கோஹெலுக்குச் செல்லும் ரயில் பாதை, ஸ்டார்ன்பெர்க் ஏரியின் கரையை ஒட்டிச் சென்று, டுட்ஸிங்கில் பிரிந்து, மலைகளை நோக்கித் திரும்புகிறது. புல்வெளிகளும் அவற்றின் நடுவே வெங்காய வடிவக் கோபுரமுடைய மாதாகோவில்களுமாகக் கழியும் அந்தப் பிரயாணத்தில், பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊர் வந்ததும் ஜன்னலோரம் எழுந்து நின்றேன். அங்குள்ள பழைய மடாலயத்தில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலையிலேதான் ஜோசப் ஃப்ரௌன்ஹோஃபர், சூரிய ஒளியின் நிறமாலையிலுள்ள கறுப்புக் கோடுகளை ஆராய்வதற்கு வேண்டிய மாசற்ற கண்ணாடியை உருக்கினார். நான் ஏறியிருந்த வண்டியோ மின்சார ரயில். ஜெர்மானிய ரயில்வே பழங்காலத்திலிருந்தே விநாடிக்கு 16⅔ சுழற்சியுள்ள ஒற்றைமுனை மின்சாரத்தைக் கையாண்டு வந்தது. வால்ஹென் ஏரி நிலையத்தின் யந்திரங்களில் சரிபாதி அதற்கென்றே அமைந்தவை.

கோஹெல் ஏரியின் தென்கரையில், மலைச்சரிவின் அடியில் மின்நிலையம் இருக்கிறது. மேலே வால்ஹென் ஏரி, கீழே கோஹெல் ஏரி; இரண்டுக்கும் இடையே உயரம் ஏறத்தாழ 200 மீட்டர். மேல் ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, ஆறு பெருங்குழாய்களில் சரிவின் மீது நேரே இறங்குகிறது. ஏரிக்குச் சொந்த நீர் போதாதென்று, கிருன் என்னும் இடத்தில் இசார் நதியையே மறித்துத் திருப்பினார்கள். அதனால் கீழே நதியின் படுகை நெடுங்காலம் வறண்ட கல்லாகக் கிடந்தது. இதைச் சொல்லாமல் அந்த நிலையத்தைப் புகழ்வது நியாயமாகாது.

நீண்ட யந்திர மண்டபத்தில் எட்டு யந்திரங்கள். ஃப்ரான்சிஸ் டர்பைனால் சுழலும் நான்கும், ஒவ்வொன்றும் 18 மெகாவாட் வீதம், பொது உபயோகத்துக்குரிய மும்முனை மின்சாரத்தைத் தருகின்றன. பெல்டன் சக்கரத்தால் சுழலும் மற்ற நான்கும், ஒவ்வொன்றும் 13 மெகாவாட் வீதம், ரயில்வேக்கு உரியவை. மொத்தம் 124 மெகாவாட். மேல்தளத்தில் நின்று பார்க்கும்போது யந்திரங்களின் ஓசையைக் காது கேட்பதற்கு முன்பே உள்ளங்கால் உணர்ந்துவிடுகிறது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன். அதுவும் ஒரே சீராக, மெல்லியதாக அதிர்ந்துகொண்டிருந்தது.

ஆல்ட்டர்னேட்டர்கள் எனப்படும் இத்தகைய பெரிய மாறுமின்னோட்ட யந்திரங்களில் ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. சுழல்வது காந்தம், சுற்றி அசையாமல் நிற்பது மின்சாரம் பிறக்கும் கம்பிகள். சுழலும் காந்தத்துக்கு ஊட்ட வேண்டிய நேர்மின்னோட்டத்தை, பழைய முறையில், அதே அச்சின் கோடியில் பொருத்திய ஒரு சிறு டைனமோ தந்தது; எக்ஸைட்டர் என்று மின்நிலையத்தார் அனைவரும் சொல்வது அதையே. தன்னிடம் எஞ்சிய காந்தத்திலிருந்து தானே எழும்பும் ஸீமென்ஸின் யந்திரத்துக்கு அது நேர் வாரிசு. பெரிய யந்திரத்தின் சக்தியில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் எக்ஸைட்டருக்குத் தேவை. ஆனால் அழுத்தத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அதன் கையில் இருக்கிறது. ஊட்டம் திடீரென்று அற்றுப்போனால், டர்பைன் சுழன்றுகொண்டேயிருக்க, அந்த ஆல்ட்டர்னேட்டர் தனக்கு வேண்டிய காந்தத்தை மின்தொடரிலிருந்தே இழுக்கத் தொடங்கும். அண்டை நிலையங்களின் அழுத்தம் சரியும். ஆகவே அக்கணமே அதைத் தொடரிலிருந்து பிரித்துவிடும் ரிலேக்களை வைக்கிறார்கள். ஊட்டத்தை நிறுத்துவதிலும் அவசரம் கூடாது. அத்தனை பெரிய காந்தச் சுருளின் ஓட்டத்தைச் சட்டென்று அறுத்தால், தேங்கியிருந்த காந்த சக்தி காப்பையே துளைத்துவிடும் அழுத்தமாக எழும் என்பதால், அதை ஒரு மின்தடையில் வடித்துச் சூடாக்கித் தீர்க்கும் ஏற்பாடும் கூடவே இருக்கும்.

எஞ்சிய காந்தம் அழிந்துபோவதும் உண்டு. நெடுங்காலம் ஓடாமல் கிடப்பது, பலமான அதிர்ச்சி, கடும் வெப்பம், காந்தச் சுருளில் தவறான திசையில் பாய்ந்த மின்சாரம் ஆகியவை அதைக் குறைக்கவோ துடைக்கவோ வல்லவை. இணைப்பை மாற்றாமல் எதிர்த்திசையில் சுழற்றினாலும், பிறக்கும் துளி மின்சாரமே தன் தாயாகிய காந்தத்தைத் தேய்த்துவிடும். சுருளின் தடை மிகுந்தாலும், பிரஷ்கள் சரியாகப் படியாவிட்டாலும், வேகம் போதாவிட்டாலும், காந்தம் இருந்தும் யந்திரம் எழும்பாது. காந்தமே போய்விட்டதென்றால், உறைக்கு அண்டை வீட்டுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவதைப் போல, ஒரு பாட்டரியை நாட வேண்டியதுதான். சில விநாடிகள் அதன் மின்சாரத்தைக் காந்தச் சுருளில் பாயவிட்டால், யந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பாட்டரியின் முனைகளை மாற்றி வைத்துத் தொட்டால் யந்திரம் எழும்பும், ஆனால் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருக்கும். பலத்தோடு திசையையும் நினைவில் வைத்துக்கொள்வது இரும்பின் இயல்பு. புதிதாகச் செய்த யந்திரத்துக்கும் ஒரே ஒருமுறை பாட்டரியின் மின்சாரத்தை ஊட்டினால் போதும் என்பதை ஸீமென்ஸே உணர்ந்திருந்தார்.

இக்காலத்தில் பல நிலையங்களில் சுழலும் எக்ஸைட்டரை அகற்றிவிட்டு, ஜெனரேட்டரின் சொந்த மின்சாரத்தையே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எடுத்து, தைரிஸ்டர்களால் நேர்மின்னோட்டமாக்கி ஊட்டுகிறார்கள். தைரிஸ்டர்களை விழிக்கச் செய்ய, எஞ்சிய காந்தம் தரும் சில வோல்ட் பெரும்பாலும் போதுவதில்லை. ஆதலால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நிலையத்தின் பாட்டரி வரிசை சில விநாடிகள் முதல் ஊட்டத்தை அளித்து ஒதுங்கிக்கொள்கிறது. நிலையத்தைச் சுற்றிக் காட்டிய முதியவரிடம், நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன். அனல் நிலையத்துக்குக் கொதிகலனின் பம்புகளையும் விசிறிகளையும் ஓட்டவே முன்கூட்டி மின்சாரம் வேண்டும். நீர்நிலையத்துக்கோ மேலே நீரும், கீழே மதகைத் திறக்கும் எண்ணெய் அழுத்தமும், ஓர் அறையில் பாட்டரியும் இருந்தால் போதும் என்று அவர் விளக்கினார். முதலில் ஒரே ஒரு யந்திரத்தை மெதுவாகச் சுழலவிட்டு, பாட்டரியால் தொட்டு, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வெறும் கம்பித் தொடரை மட்டும் அதனோடு இணைக்க வேண்டும். அது நிலைத்த பின் அக்கம்பியின் மறுமுனையிலுள்ள அனல் நிலையத்தின் பம்புகளையும் விசிறிகளையும் ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். அந்நிலையம் கண் விழித்துத் தன் பங்கைத் தந்த பிறகுதான் ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்குவார்கள்.